ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு

கணினியின் ஃபேன் எல்லாம் சுற்றியும் திரையில் படம் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். திரைக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதற்குக் கீழே இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். நீங்கள் போட்டிருக்கும் ரைசன் 5 5600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. 5600ஜி என்றால்தான் மதர்போர்டு வழியாகப் படம் வரும். என் முதல் சந்தேகம் இதில்தான்.

அப்படியும் வராவிட்டால் ராமை, அதாவது நினைவகத்தைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு ராமை மட்டும் பிராசசரிலிருந்து இரண்டாவது இடத்தில் வைத்து, ‘டிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். நன்றாகவே அழுத்த வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். உங்களுடையது பி450 வகை மதர்போர்டு. அது 2018இல் வந்தது, 5600 வந்ததோ 2022இல். அதில் பழைய பயாஸ் (கணினியைத் தொடக்கிவிடும் மென்பொருள்) இருந்தால் பிராசசரை அடையாளமே காணாது. பழுது என்று கொழும்புக்குத் திருப்பி அனுப்ப முன்னர், திருகோணமலை டவுனிலேயே கணினி திருத்தும் கடையொன்றில் பயாஸை அப்டேட் செய்து தரக் கேளுங்கள்.

அப்புறம், வீடு உப்புவெளி என்கிறீர்கள். கணினிப் பெட்டியின் மூடியைத் திறந்தபடி நாள்கணக்கில் வைக்காதீர்கள், கடற்காற்று அரித்துவிடும்.