கேள்வி பதில்: லண்டனை விட்டு நகராமல் உலகம் சுற்றியவர்கள்

பார்ப்பவரைச் சுற்றி வளைத்தோ கண்முன் ஓடவிட்டோ காட்டிய ராட்சத ஓவியங்களான பத்தொன்பதாம் நூற்றாண்டின் பனோரமாக் காட்சிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

ஒரு பெரிய ஓவியத்தைப் பார்க்க ஜனங்கள் ஏன் காசு கொடுத்தார்கள்? (மதுரை)

'பெரிய ஓவியம்' என்று நினைப்பதில்தான் பிழை. ஓவியத்துக்கு ஓரம் உண்டு. ஓரத்துக்கு அப்பால் சுவர் தெரியும். ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787இல் காப்புரிமை பெற்ற முறை அந்த ஓரத்தையே ஒழித்தது. 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அவர் திறந்த வட்டக் கட்டடத்துக்குள் நுழைபவர் முதலில் இருட்டான நடையைக் கடந்து படியேற வேண்டும். தெருவின் வெளிச்சம் கண்ணிலிருந்து மறைந்த பிறகு நடுமேடைக்கு வந்து நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி. மேல்விளிம்பைத் தலைக்கு மேலிருக்கும் விதானம் மறைத்துவிடும். கீழ்விளிம்பும் கண்ணுக்குத் தெரியாது. கூரைக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் இறங்கும், எங்கிருந்து வருகிறது என்று புலப்படாது. அளந்துபார்க்கப் பக்கத்தில் வேறொரு பொருள் இல்லாததால், வரைந்த தூரம் உண்மையான தூரமாகவே தெரியும்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓவியர் மெஸ்டாக் 1881இல் வரைந்த பனோரமா இன்றும் இருக்கிறது. சுமார் 14 மீட்டர் உயரம், 120 மீட்டர் சுற்றளவு. ஸ்கெவெனிங்கன் கடற்கரைதான் காட்சி. மேடையைச் சுற்றி உண்மையான மணலைக் கொட்டியிருக்கிறார்கள். மணல் எங்கே முடிந்து ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நான் வெகுநேரம் முயன்றேன். அப்போது வெளியே மேகம் சூரியனை மறைத்திருக்க வேண்டும். ஓவியத்தில் இருந்த கடல் மெல்லக் கறுத்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வெளுத்தது. என்னை அறியாமல் வானத்தைப் பார்த்தேன். அதுவும் வரைந்த வானம்தான். ஒரு ஷில்லிங் கொடுத்தவர்கள் எதற்காகக் கொடுத்தார்கள் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

டயோரமாவும் இதுவும் ஒன்றா? (ஈரோடு)

இல்லை. ஓவியர்களான டகேரும் பூத்தோனும் 1822இல் பாரிஸில் தொடங்கியது டயோரமா. அதில் ஒளியை மாற்றிப் பகலை இரவாக்குவார்கள். பார்வையாளர்கள் அமர்ந்த தளத்தையே அடுத்த காட்சிக்குத் திருப்புவார்கள்.

பனோரமாதானே இன்றைய மெய்நிகர் (VR) கண்ணாடிக்கு முன்னோடி? (பெங்களூரு)

வெளியுலகைக் கண்ணிலிருந்து மறைக்கும் உத்தி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பனோரமா மேடையில் பக்கத்தில் நிற்பவரிடம், "அதோ பார், அந்தக் கோபுரம்" என்று கைநீட்டிக் காட்டலாம். அது சேர்ந்து போகும் பயணம்.

மூன்று மைல் நீளத்துக்கு ஓவியம் வரைந்தார்களாமே? (தஞ்சாவூர்)

மிசிசிப்பி நதியை வரைந்த அமெரிக்கர் ஜான் பேன்வார்ட் அப்படித்தான் விளம்பரம் செய்தார். 1848இல் லண்டனுக்கும் கொண்டுவந்தார். அது வட்ட ஓவியம் அன்று. ஓர் உருளையிலிருந்து மற்றோர் உருளைக்குச் சுருண்டு ஓடும் நகரும் பனோரமா. விளம்பரத்தில் வரும் மைல் கணக்கை நம்பாதீர்கள். அது டிக்கெட் விற்பதற்கான கணக்கு.

இலங்கையோ சென்னையோ இவற்றில் வந்ததுண்டா? (யாழ்ப்பாணம்)

வந்ததுண்டு. 1850இல் ரீஜென்ட் தெருவில் இந்தியத் தபால் செல்லும் வழியை நகரும் பனோரமாவாகக் காட்டினார்கள். சவுதாம்ப்டனில் கப்பலேறி, ஜிப்ரால்டர், மால்டா, கெய்ரோ கடந்து, சூயஸ் பாலைவனத்தைத் தரைவழியே தாண்டி (கால்வாய் 1869இல்தான் திறந்தது), ஏடன், இலங்கை, சென்னை வழியாகக் கல்கத்தா. மகனை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த ஒரு தாய்க்கு, அவன் போன வழி ஒரே மாலையில் கண்முன் ஓடியிருக்கும். இதைவிட வலுவான ஈர்ப்பு வேறு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாயின் கண்ணீரெல்லாம் சரி. ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் இப்படித்தானே காட்டினார்கள்? அது பயணமா, பிரசாரமா? (மைசூரு)

நல்ல கேள்வி. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்தார். மறு ஆண்டே ஆங்கிலேய ஓவியர் ராபர்ட் கெர் போர்ட்டர் 120 அடி நீள அரைவட்ட ஓவியத்தை லண்டனில் காட்சிக்கு வைத்தார். அவர் அதுவரை இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஓவியத்தின் நடுவே கோட்டையைத் தாக்கிய பிரிட்டிஷ் படையை நடத்திய தளபதி பேர்ட். பார்ப்பவர் நிற்பது கோட்டைக்கு வெளியே, தாக்கும் படையோடு. பிரசாரம்தான், ஐயமில்லை. அதனால்தான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: எந்தப் பனோரமாவானாலும் ஓவியத்துக்கு முன்னால் மேடையைப் பாருங்கள். உங்களை யார் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள்?

அன்று ரசித்தவர்களை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா? (சேலம்)

ரசித்தவர்களை நான் அளக்கவில்லை. மேடை போட்டவர்களை அளக்கிறேன். அவர்கள் தெரிந்தேதான் போட்டார்கள்.

இது மெய்நிகர் கண்ணாடிக்கு முன்னோடியா? (மூவர் கேட்டிருக்கிறார்கள்)

மேலே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

மேடை போட்டவன் ஏமாற்றுக்காரன் என்றால் பனோரமா முழுவதுமே ஏமாற்றுதான். ஒப்புக்கொள்ளுங்கள். (மீண்டும் மைசூரு)

ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐயா. சுவிட்சர்லாந்தின் லூசெர்னில் இருக்கும் பூர்பாக்கி பனோரமாவைப் பாருங்கள். 1871 குளிர்காலத்தில் தோற்றுப்போன தளபதி பூர்பாக்கியின் பிரெஞ்சுப் படையினர் சுமார் 87,000 பேர் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு அந்நாட்டுக்குள் புகுந்தார்கள். அந்தப் படையோடு செஞ்சிலுவைத் தொண்டராக இருந்த எடுவார்ட் காஸ்த்ர் பத்து ஆண்டுகள் கழித்து அதை வரைந்தார். அங்கே பார்ப்பவர் கோட்டையைப் பிடிக்கவில்லை. பனியில் குவிந்து கிடக்கும் துப்பாக்கிகளுக்கும் நடக்க மாட்டாத மனிதர்களுக்கும் நடுவில் நிற்கிறார். உத்தி அதேதான், மேடை வேறு. உங்கள் கோபம் நியாயமானது. அதைப் போர்ட்டர் மேல் காட்டுங்கள். வட்டத்தின் மேல் வேண்டாம்.

கப்பல் ஆடுவதுபோலக் காட்டியதும் உண்டா? (தூத்துக்குடி)

உண்டு, 1900 பாரிஸ் கண்காட்சியின் மரியோரமா. கப்பல் மேல்தளம் போன்ற மேடை முன்னும் பின்னும் ஆடும். இருபுறமும் 750 மீட்டர் நீளத் திரைகள் ஓடும்.

அடுத்த மாதம் லண்டன் போகிறேன். பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? (கோவை)

லெஸ்டர் சதுக்கத்துப் பனோரமா 1863இல் மூடப்பட்டது. பிறகு அந்த இடம் பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து, பின்னர் திரும்பக் கட்டினார்கள். ஆனாலும் உள்ளே போனால் கூடம் வட்டமாகவே இருக்கும். நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்புங்கள். பூசை நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.