சந்தேகப்படலாம், சத்தமாகச் சொல்லக்கூடாதா? மார்மன் சபை பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநில வாழ்க்கையைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது பக்கத்து வீட்டு மார்மன் குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்திருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: அந்தச் சபைக்குள் இருக்கும் ஒருவருக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டால் என்ன ஆகும்? நான் அந்தச் சபையின் உறுப்பினன் இல்லை. சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே ஒன்பது வருடம் குடியிருந்தவன். அவர்கள் வரலாற்றைப் பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்தேன், அது கொஞ்சம் முற்றிவிட்டது. தெரிந்த வரை சொல்கிறேன்.

பிரபு, திருச்சி: முதலில் மார்மன் என்றால் யார் என்று இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள் சார்.

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை. பைபிளோடு மார்மன் புத்தகத்தையும் வேதமாகக் கொள்கிறார்கள். தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. தலைவரைத் தீர்க்கதரிசி என்றே அழைப்பார்கள். 2018-ல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், 'மார்மன்' என்ற செல்லப்பெயர் இனி வேண்டாம், சபையின் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். முழுப் பெயர் 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை'. ஒவ்வொரு பதிலிலும் இதை எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

செல்வி, கோவை: சந்தேகம் வந்தாலே சபை நீக்கம்தானா?

இல்லை. மனதுக்குள் சந்தேகம் வைத்திருப்பது அவர்கள் சட்டப்படி குற்றமே இல்லை. பிஷப்பிடம் போய், 'எனக்கு இது நம்ப முடியவில்லை' என்று சொல்வதும் குற்றமில்லை. சபையையோ அதன் போதனையையோ தலைவர்களையோ வேண்டுமென்றே, வெளிப்படையாக, திரும்பத் திரும்ப எதிர்த்தால்தான் அது விசுவாசத் துரோகம். வேறு சில வகைகளும் உண்டு, ஆனால் நாம் பேசுகிற விஷயத்துக்கு இதுதான் முக்கியம். ஆக, நம்புகிறவன், நம்பாதவன் என்று அவர்கள் கோடு போடுவதில்லை. வீட்டுக்குள் பேசுகிறவனா, மைக் பிடிக்கிறவனா என்றுதான் பார்க்கிறார்கள்.

2013 அக்டோபர் மாநாட்டில் டீட்டர் உக்டார்ஃப் என்ற தலைவர் பேசிய ஒரு வரி மிகவும் பிரபலம்: விசுவாசத்தைச் சந்தேகிக்கும் முன் உங்கள் சந்தேகங்களைச் சந்தேகியுங்கள். அதே பேச்சில், சபைத் தலைவர்களும் தவறு செய்ததுண்டு என்று ஒப்புக்கொண்டார். அவ்வளவு உயரத்தில் இருப்பவர் வாயிலிருந்து அப்படி வந்தது பலருக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் மக்கள் வாயில் நின்றது முதல் வரிதான். இன்றைக்கும் யாராவது கேள்வி கேட்டால் அதைத்தான் எடுத்து வீசுகிறார்கள்.

ரம்யா, மதுரை: அப்படி எதைப் பார்த்துத்தான் சந்தேகம் வருகிறது? புதிதாக என்ன தெரிந்துவிட்டது?

புதிதாக எதுவும் இல்லை, எல்லாம் பழைய விஷயம்தான். ஞாயிறு பாடத்தில் சொல்லித் தராததை நாற்பது வயதில் தானாகப் படித்துத் தெரிந்துகொள்ளும்போது வருகிற அதிர்ச்சி அது. கடவுள் தனக்குக் காட்சி தந்ததாக ஜோசப் ஸ்மித் சொன்ன 'முதல் தரிசன'த்துக்கு ஒன்றுக்கொன்று வேறுபடும் பல விவரிப்புகள் இருப்பது. கறுப்பினத்தவருக்கு 1978 ஜூன் வரை ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் அதிகாரம், மறுக்கப்பட்டது. அப்புறம் பலதார மணம். ஸ்மித்துக்கு எத்தனை மனைவிகள் என்று சபையே 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. கவனமான கணக்குகளின்படி 30-லிருந்து 40 வரை. அவர்களில் ஒரு பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது நிறைய இன்னும் சில மாதம் இருந்தது.

சபை தானாக முன்வந்து அதை எழுதவில்லை. ஸ்வீடனில் ஹான்ஸ் மாட்சன் என்பவர் ஐரோப்பா அளவில் பெரிய பொறுப்பில் இருந்தவர். கீழே இருந்த உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடப் போய், அவருக்கே கேள்விகள் வந்துவிட்டன. 2010-ல் சபை தன் வரலாற்றுத் துறைப் பெரியவர்களை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பி, அவரையும் அவர் போன்றவர்களையும் உட்காரவைத்துப் பேசியது. சமாதானம் ஆகவில்லை. 2013-ல் நியூயார்க் டைம்ஸில் அவர் வெளிப்படையாகப் பேசினார். அந்த ஆண்டு இறுதியிலிருந்துதான் இப்படிச் சங்கடமான வரலாற்றைப் பேசும் சபைக் கட்டுரைகள் ஒவ்வொன்றாக வந்தன.

இந்த அனுபவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் எனக்குப் பிடிக்கும். விடை தெரியாத கேள்வியை 'அலமாரியில் எடுத்து வை' என்பார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம், மறுமையில் விளங்கும் என்று. வெளியேறியவர்களைக் கேட்டால், 'என் அலமாரி உடைந்துவிட்டது' என்பார்கள். எந்தக் கேள்வியில் உடைந்தது என்று கேட்டால் பலர் ஏதோ ஒரு சின்ன விஷயத்தைத்தான் சொல்வார்கள். மேலே அத்தனை பாரம் ஏற்கெனவே ஏறியிருக்கும்.

பெயர் வேண்டாம்: அந்த விசாரணை எப்படி நடக்கும்? வக்கீல் வைத்துக்கொள்ளலாமா?

வக்கீல் கிடையாது. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களுடைய பிஷப் நம்மூர் பிஷப் மாதிரி அங்கி போட்ட பாதிரியார் இல்லை. சம்பளம் இல்லாத சாதாரண ஆள். பல் டாக்டராக இருப்பார், ஆடிட்டராக இருப்பார். சுமார் ஐந்து வருடம் அந்தப் பகுதிச் சபையை, அதாவது 'வார்டை' நடத்துவார். பல வார்டுகள் சேர்ந்தது 'ஸ்டேக்'. அதற்கு ஒரு தலைவர், அவரும் சம்பளம் இல்லாதவர்தான். உங்களை விசாரிக்கப் போவது இவர்கள். போன மாதம் உங்கள் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்ற உதவிய அதே மனிதர், கோட்டும் டையுமாக எதிரே உட்கார்ந்திருப்பார்.

கடிதம் வரும், தேதி சொல்வார்கள். ஜெபத்தோடு ஆரம்பிக்கும், சாட்சிகள் பேசலாம், கடைசியில் தலைவர் முடிவு சொல்வார். 2020-ல் வந்த புதிய கையேட்டில் பெயர்களை மென்மையாக்கினார்கள். 'ஒழுங்கு நடவடிக்கை மன்றம்' என்பது 'உறுப்பினர் மன்றம்' ஆனது. 'சபை நீக்கம்' என்பது 'உறுப்பினர் நிலை திரும்பப் பெறுதல்' ஆனது. வெட்டுப்பட்டவருக்கு வலி அதேதான்.

பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று இயக்கம் நடத்திய கேட் கெல்லியின் விசாரணை 2014 ஜூனில் வர்ஜீனியாவில் நடந்தது. அவர் அப்போது அங்கிருந்து வீட்டைக் காலி செய்துவிட்டு யூட்டாவில் இருந்தார். நீக்கம் என்ற தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது.

இதில் பெரிய குறை, எல்லா ஊரிலும் ஒரே அளவுகோல் இல்லை. ஒரே பேச்சைப் பேசியவரை ஒரு பிஷப் கட்டிப்பிடித்து அனுப்புவார், இன்னொருவர் மன்றத்தைக் கூட்டுவார். சூதாட்டச் சக்கரத்தை நினைத்து அவர்களே இதை 'பிஷப் ரூலெட்' என்பார்கள். நம் பேச்சில் சொன்னால், எந்த வார்டில் வீடு வாங்கினோமோ அது நம் தலையெழுத்து.

ஜோசப், நாகர்கோவில்: எங்கள் சபையிலும் சாட்சி சொல்வோம் அண்ணே. அவர்களும் அப்படியா?

ஆமாம் தம்பி, மாதத்தின் முதல் ஞாயிறு. உபவாசம் இருந்துவிட்டு வந்து, யார் வேண்டுமானாலும் மேடை ஏறித் தன் விசுவாசத்தைச் சொல்லலாம். அழைத்தார்கள் என்று இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். 'நான் நம்புகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, 'எனக்குத் தெரியும்' என்பார்கள். 'இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்.' நாலு வயதுக் குழந்தை மேடை ஏறும், அம்மா காதில் சொல்லச் சொல்ல அதையே திருப்பிச் சொல்லும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் 'தெரியும்' என்று சொல்ல முடியாமல், 'நம்பப் பார்க்கிறேன்' என்ற நிலையில் இருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதைவிட நுட்பமானது நற்கருணை. ரொட்டியும் தண்ணீரும்தான், திராட்சை ரசம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பையன்கள் தட்டைக் கொண்டுவருவார்கள். வரிசையில் ஒருவர் எடுத்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். நீங்கள் எடுக்காமல் கடத்திவிட்டால் பக்கத்தில் இருக்கும் மாமியாருக்குத் தெரியும்.

கண்ணன், சிங்கப்பூர்: ஒரே மாதத்தில் ஆறு அறிஞர்கள் மேல் நடவடிக்கை எடுத்தார்களாமே?

1993 செப்டம்பர். 'செப்டம்பர் ஆறு பேர்' என்றே பெயர். ஐந்து பேர் நீக்கம், ஒருவரை நீக்காமல் உறுப்பினர் உரிமைகளை மட்டும் கட்டுப்படுத்தினார்கள். அந்த மே மாதம்தான் பாய்ட் பாக்கர் என்ற மூத்த அப்போஸ்தலர், அதாவது சபையின் உயர்மட்டத் தலைவர்களில் ஒருவர், சபைக்கு ஆபத்து மூன்று பக்கமிருந்து வருகிறது என்று பேசியிருந்தார்: ஓரினச் சேர்க்கையாளர் இயக்கம், பெண்ணிய இயக்கம், 'அறிஞர்கள் எனப்படுவோர்'.

ஆறு பேரில் மைக்கேல் க்வின் வரலாற்றாசிரியர். 1890-ல் பலதார மணத்தை நிறுத்தியதாகச் சபை அறிவித்த பிறகும் அது ரகசியமாகத் தொடர்ந்தது என்று 1985-ல் ஆதாரத்தோடு எழுதினார். சபையே 2014-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, 1890-க்குப் பிறகும் சில திருமணங்கள் நடந்ததை ஒப்புக்கொள்கிறது. க்வின் 2021-ல் வெளியாளாகவே இறந்தார்.

என்னால் மறக்க முடியாதவர் லவீனா ஃபீல்டிங் ஆண்டர்சன். அறிஞர்களைச் சபை எப்படியெல்லாம் நெருக்கியது என்று தேதி வாரியாகத் தொகுத்து வெளியிட்டார். அதற்காகத்தான் நீக்கம். பொதுவாக இப்படி நீக்கப்பட்டவர்கள் ஒன்று கோபத்தோடு போய்விடுவார்கள், அல்லது மன்னிப்புக் கேட்டுத் திரும்புவார்கள். அந்த ஆறு பேரிலேயே இருவர் பின்னாளில் மறு ஞானஸ்நானம் பெற்றார்கள். லவீனா இரண்டும் செய்யவில்லை. எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஞாயிறு வழிபாட்டுக்குப் போவதையும் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அதே வார்டுக்கு ஞாயிறுதோறும் போனார். நற்கருணைத் தட்டு கைக்கு வரும், எடுக்க உரிமை இல்லை. 2019-ல் உள்ளூர்த் தலைவர்கள் அவரைத் திரும்பச் சேர்க்கலாம் என்று எழுதி அனுப்பினார்கள். மேலிடம் மறுத்துவிட்டது. 2023-ல் காலமானார்.

ஆர். சுந்தரம்: பல்லாயிரம் பேர் மாநாட்டில் 'எதிர்க்கிறேன்' என்று கத்தினார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

பல்லாயிரம் பேர் கூடிய மாநாடு என்பது சரி, கத்தியது சிலர்தான். 2015 ஏப்ரல். தலைவர்கள் பெயரை வாசித்து, ஆதரிப்போர் கை தூக்குங்கள், எதிர்ப்போர் தூக்குங்கள் என்று கேட்பது நூற்றெண்பது வருடப் பழக்கம். எதிர்ப்புக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள் என்பதும் பழக்கம். அன்று அரங்கிலிருந்து குரல் வந்தது. நடத்திக்கொண்டிருந்தவர் அதே உக்டார்ஃப். 'வாக்கு குறித்துக்கொள்ளப்பட்டது' என்றார், எதிர்த்தவர்கள் தங்கள் ஸ்டேக் தலைவரைப் பாருங்கள் என்றார், அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்.

தமிழரசி, சேலம்: எதிர்த்துப் பேசி எதாவது மாறியிருக்கிறதா?

மாறியிருக்கிறது, ஆனால் பேசியவருக்குப் பேர் கிடைக்காது. சாம் யங் என்பவர் முன்னாள் பிஷப். பதின்வயதுப் பிள்ளைகளைப் பிஷப் தனியறையில் உட்காரவைத்துப் பாலியல் கேள்விகள் கேட்கக்கூடாது என்று போராடினார். 2018 மார்ச்சில், பிள்ளைகள் விரும்பினால் பெற்றோரோ வேறு பெரியவரோ கூட இருக்கலாம் என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சாம் யங்கை நீக்கினார்கள். சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள், சொன்னவரை வெளியே தள்ளினார்கள்.

இன்னொன்று. 2015 நவம்பரில், ஒரே பாலினத் திருமணம் செய்தவர்கள் விசுவாசத் துரோகிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை ஞானஸ்நானம் இல்லை என்று விதி வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சால்ட் லேக் சிட்டியில் கூடி விலகல் கடிதம் கொடுத்தார்கள். 2019 ஏப்ரலில் விதியைத் திரும்பப் பெற்றார்கள்.

வினோத், பெங்களூரு: கடிதம் கொடுத்து விலகிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

சபையோடு தீர்ந்தது, வீட்டோடு ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு வழிபாடு நடக்கும் கட்டடம் வேறு, ஆலயம் வேறு. அவர்கள் ஆலயத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நேர்காணல். விசுவாசம் உண்டா, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்கிறாயா, சபைக்கு மாறான போதனைகளை ஆதரிக்கிறாயா என்று கேட்பார்கள். திருமணம் அந்த ஆலயத்துக்குள்.

எங்கள் தெருவில் ஒரு பையன் நேர்காணலில் பொய் சொல்ல மனமில்லாமல் உண்மையைச் சொன்னான். சீட்டு போயிற்று. தங்கை கல்யாணத்தன்று கோட் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வெளியே, பூந்தோட்டத்துத் திண்டில், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளும் உள்ளே போக முடியாது அல்லவா. எல்லாரும் வெளியே வந்ததும் குடும்பப் படத்தில் நின்று சிரித்தான். வெளியே ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு ஆலயத்துக்குப் போகலாமே என்றால், அமெரிக்காவில் அப்போது அதற்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2019 மே மாதத்தில்தான் அந்த விதியை எடுத்தார்கள். அவனுக்கு இரண்டு வருடம் தாமதம்.

இளங்கோ: ஆரம்ப காலத்திலிருந்தே இப்படித்தானா?

ஆரம்பத்தில் இதைவிட மோசம். 1844-ல் ஸ்மித்தின் நெருங்கிய ஆலோசகராக இருந்த வில்லியம் லா, பலதார மணத்தை அம்பலப்படுத்தச் சிலரோடு சேர்ந்து இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். ஒரே இதழ்தான் வந்தது, ஜூன் 7. மூன்று நாளில் நகராட்சி உத்தரவுப்படி அச்சகத்தை உடைத்துப் போட்டார்கள். நகரத்தின் மேயர் ஸ்மித்தேதான். அதையொட்டி வந்த வழக்குகளில் சிறைக்குப் போன இடத்தில், ஜூன் 27 அன்று ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது.

மீனா, சென்னை: நம்பிக்கை போன பிறகும் உள்ளேயே இருப்பவர்கள் உண்டா அண்ணா?

நிறையப் பேர். 'உடம்பு உள்ளே, மனசு வெளியே' என்று தங்களையே சொல்லிக்கொள்வார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு அறுபது தாண்டியிருக்கும். வார்டில் ஆர்கன் வாசிப்பவர் அவர்தான். ஒருநாள் தக்காளி நாற்று கொடுக்க வந்தவர், நான் என்னவோ கேட்கப் போக, 'அதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது' என்று சாதாரணமாகச் சொன்னார். கணவருக்குத் தெரியுமாம். பிள்ளைகளுக்குத் தெரியாதாம். பிஷப்புக்கு? 'சந்தேகம் இருக்கும். ஆனால் என்னை விட்டால் பெடல் மிதித்து வாசிக்க வார்டில் வேறு ஆள் இல்லையே' என்று சிரித்தார். நாற்றுக்கு ரொம்பத் தண்ணீர் ஊற்றாதே என்று சொல்லிவிட்டுப் போனார்.