‘பிளக்’: பறிப்பதும் துணிவதும் ஒன்றா?

வணக்கம். ‘அந்தப் பையனிடம் பிளக் (pluck) இருக்கிறது’ என்ற ஆங்கில வரியை மொழிபெயர்க்கும்போது, அகராதி ‘பறித்தல்’ என்று காட்டுவதாகவும், சமையல் குறிப்பொன்றில் ‘ஆட்டின் பிளக்’ என்று வந்து குழப்புவதாகவும் கேட்டிருந்தீர்கள். துணிவு, பறித்தல், ஆட்டின் உள்ளுறுப்பு மூன்றுக்கும் ஒரே சொல்தான்.

பறிப்பதுதான் மூலப்பொருள். அறுத்த ஆட்டின் உடலுக்குள்ளிருந்து இதயம், ஈரல், நுரையீரல் எல்லாம் மூச்சுக்குழலோடு ஒரே கொத்தாக வரும். பறித்தெடுப்பதால் அந்தக் கொத்துக்கும் பிளக் என்றே பெயர். ஸ்காட்லாந்தின் ஹாகிஸ் என்ற இறைச்சி உணவு இதில்தான் செய்யப்படுகிறது. பழைய முறையில் வேகவைக்கும்போது மூச்சுக்குழலைப் பானையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவார்கள், அழுக்கு நீர் வழிந்து வெளியேற.

பதினெட்டாம் நூற்றாண்டுக் குத்துச்சண்டைக்காரர்கள் இதைத் துணிவுக்கு ஆக்கிக்கொண்டார்கள். பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இந்தப் பொருள் இருக்கிறது. அன்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூசிய சொல், பிறகு பள்ளிச் சிறுவர் கதைகளிலேயே ஏறிவிட்டது!

நமக்கும் இது அந்நியமல்ல. பயந்தால் ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்கிறோமே, அதே குலைதான். ஆனால் துணிவு என்றால் தமிழ் நெஞ்சுக்குத் தாவிவிடும். எனவே ‘ஈரல் உள்ள பையன்’ என்று எழுதிவிடாதீர்கள். ‘வீரம்’ இங்கே கனமாகிவிடும். தன்னைவிடப் பெரியவனை எதிர்த்து நிற்கும் சிறியவனைப் பற்றித்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள். நானாக இருந்தால் ‘பொடியன்தான், ஆனால் நெஞ்சுரம் உள்ளவன்’ என்று எழுதுவேன். சமையல் குறிப்பில் ‘ஈரல்குலை’ போதும்.