மொரோகோரோ வரும் தம்பிக்கு: போஸ்டர் அப்புறம், முதலில் கொசுவலை

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் எட்டு வருஷம் இருந்துவிட்டு இப்போது தான்சானியாவுக்கு, மொரோகோரோ மில்லுக்கு, ஆபீஸ் பொறுப்பில் வருகிறீர்கள். சம்பளம் கட்டுபடியாகுமா, பயமில்லாமல் இருக்கலாமா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி, அரிசி பருப்பு கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி. மலேரியா, எய்ட்ஸ், மனநலம் பற்றித் தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு நடத்தும் வேலையையும் உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள், 'படிக்காத ஜனங்களுக்கு எப்படிப் புரியவைப்பது, நல்ல போஸ்டர் இருந்தால் அனுப்புங்கள்' என்று. அந்த வரிக்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

மற்றதைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். அரிசி, துவரம்பருப்பு இங்கேயே கிடைக்கும். இட்லி அரிசிக்கு டார் எஸ் சலாம் போகலாம், 2024-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பள்ளிக்கூடத்தை வந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டு அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் உங்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள பேச்சு, அதில் நான் தலையிட மாட்டேன்.

நான் ராஜபாளையத்துக்காரன். 1999 மார்ச்சில் வந்தேன், இருபத்தேழு வயது. மார்ச்சிலிருந்து மே வரைக்கும் இங்கே பெரிய மழை, 'மஸிகா' என்பார்கள். குவார்ட்டர்ஸில் எனக்குக் கொடுத்த கட்டிலுக்கு மேல் கொசுவலை கட்டியிருந்தது. புழுக்கம் தாங்காமல் இரண்டாம் நாளே அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டம்மா, 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும், இங்கே மாமா என்றால் அம்மா, ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு 'சாண்டருவா, சாண்டருவா' என்று கையைக் கையைக் காட்டினார். சாண்டருவா என்றால் கொசுவலை. அப்போது எனக்கு அந்தச் சொல்லும் தெரியாது, ஒரு நல்ல மனுஷி எச்சரிக்கிறார் என்பதும் புரியவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல். ஊரிலிருந்து கொண்டுவந்த குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். ஊரில் மலேரியா பார்த்திருக்கிறேன், எல்லாம் தெரியும் என்ற எண்ணம். நம் பக்கம் பெரும்பாலும் வருவது வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. குளிர் வரும், காய்ச்சல் வரும், விடும், ஆளை வாட்டும், ஆனால் உயிரை எடுப்பது குறைவு. இங்கே பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம் என்ற வகை. இரண்டே நாளில் மூளைக்கு ஏறிவிடக்கூடும். அந்தக் குளோரோகுயினுக்கும் இங்குள்ள கிருமி எப்போதோ பழகிப்போயிருந்தது, 2001-ல் அரசாங்கமே அதைக் கைவிட்டது. மூன்றாம் நாள் நினைவு தப்பி, அந்த மாமாவின் மகனும் இன்னொருவரும் கதவைத் தட்டிப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். குயினைன் என்ற மலேரியா மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். அந்த மருந்தால் காதுக்குள் வாரக்கணக்கில் ரிங் ஃபிரேம், அதாவது நூல் நூற்கும் மெஷின், ஓடுகிற மாதிரி ஒரே இரைச்சல். பிழைத்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டம்மா ஒரு போஸ்டரும் படித்ததில்லை. படித்தவன் நான். நோய் தெரியாமல் கிடந்ததும் நான்தான். 'படிக்காத ஜனங்கள்' என்று எழுதினீர்களே, தயவுசெய்து அந்த எண்ணத்தை விமானத்தில் ஏறும்போதே விட்டுவிட்டு வாருங்கள்.

நம்மாட்களிடம் எனக்குத் தீராத வருத்தம் இதில்தான். பத்து வருஷம் இருப்பார்கள், தெரிந்த சுவாஹிலி 'சீக்கிரம்', 'நாளைக்கு', 'எவ்வளவு' மட்டும். குஜராத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பதால் சரளமாகப் பேசுகிறார்கள், அதையாவது பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வயதில் பெரியவரைப் பார்த்தால் 'ஷிகமூ' என்று சொல்ல வேண்டும், அவர் 'மரஹாபா' என்பார். கூட்டிப் பெருக்கும் வயதான அம்மாவுக்கு நம் சூப்பர்வைசர் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. வணக்கம் சொல்லாதவன் சொல்லும் சுகாதாரத்தை யார் கேட்பார்கள்?

சரி, மலேரியாவுக்கு வருகிறேன். நான் வந்த காலத்தில் தொழிலாளர் குடியிருப்பில் 'காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். படித்தார்கள், தலையாட்டினார்கள். ஆனாலும் ஒரு மழைக்காலத்தில் கார்டிங்கில் வேலை பார்த்த பையனின் நாலு வயது மகள் வலிப்பு வந்து இறந்துபோனாள், ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. ஏனப்பா என்று கேட்டபோது அவன் சொன்னது: 'அது மலேரியா இல்லை, தெகெதெகெ.' சூடு ஏறிக் கை கால் இழுத்துக் கண் சொருகினால் அதற்குத் தெகெதெகெ என்று பேர். பறவையோ விட்டில்பூச்சியோ உருவில் வரும் ஆவி பிள்ளையின் மேல் படிந்துவிட்டது என்பார்கள். அந்த நேரத்தில் ஊசி போட்டால் பிள்ளை செத்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனால் முதலில் நாட்டு வைத்தியரிடம், ம்கங்கா என்பார்கள், புகை போடப் போவார்கள். அது பெரும்பாலும் மூளைக்கு ஏறிய மலேரியாதான், ஆனால் அந்தத் தாய்க்கு அது வேறு நோய். மலேரியா என்று நீங்கள் எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது தன் பிள்ளைக்கு என்று அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

இதைக் கேட்டுச் சிரித்த நம்மூர்க்காரர்கள் உண்டு. என்னால் முடியவில்லை. என் தம்பிக்குச் சின்ன வயதில் பட்சி தோஷம் என்று சொல்லி, எங்கள் ஆச்சி வேப்பிலை அடித்து மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கு நினைவிருக்கிறது. அங்கேயும் பறவைதான், இங்கேயும் பறவைதான்.

பிறகு நாங்கள் செய்தது இவ்வளவுதான். மலேரியா என்ற பேச்சையே எடுக்காமல், 'தெகெதெகெ என்றால் என்ன செய்வீர்கள்' என்று பெண்களை உட்காரவைத்துக் கேட்டோம். ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் வந்தார், ஒரு ம்கங்காவையும் கூப்பிட்டோம். அவர் ரொம்ப மரியாதையான மனிதர். 'பிள்ளை சுடுகிறதென்றால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் என்னிடம் வரட்டும்' என்று அவரே எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பத்து வருஷம் கத்தியிருந்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது.

வலை விஷயத்தில் நம் தொழிலுக்கே ஒரு பெருமை உண்டு. முன்பெல்லாம் வலையை மருந்தில் முக்கி முக்கிக் காயப்போட வேண்டும். அப்புறம் நூலுக்குள்ளேயே மருந்தை வைத்து, அது மெல்ல மேலே கசிகிற மாதிரி வலை வந்தது. அருஷாவில் ஏ டு இசட் மில்லில் அதை நெய்கிறார்கள். நூல்காரன் என்ற முறையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மலேரியாக் கொசு சாக்கடைக் கொசு இல்லை, வெயில் படுகிற தெளிந்த குட்டையில், மாட்டுக் குளம்படியில் தேங்கும் தண்ணீரில்கூடப் பெருகும். நாம் அசந்து தூங்கும் நடுராத்திரியில்தான் கடிக்கும். அதனால்தான் வலை, வலை என்று உயிரை விடுகிறேன்.

எங்கள் மில்லில் பஞ்சைப் பிரிக்கும் புளோ ரூமில் ஒரு பெரியவர் இருந்தார், இப்போது இல்லை. 1973-ல் இந்த நாட்டில் 'ம்து நி அஃப்யா' என்று ஒரு இயக்கம் நடந்தது, மனிதன் என்றாலே உடல்நலம் என்ற பொருளில். ஊர் ஊராகச் சாயங்காலம் ரேடியோவைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து கேட்பது, கையில் ஒரு சின்னப் புத்தகம், கேட்டு முடித்ததும் 'நம் ஊரில் என்ன செய்யலாம்' என்று பேசுவது. சுமார் 20 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். அந்தப் பெரியவர் தன் ஊரில் அந்த வாரமே கக்கூஸுக்குக் குழி வெட்டினாராம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் குழியின் ஆழம் எத்தனை முழம் என்று கையால் அளந்து காட்டுவார். முப்பது வருஷம் கழித்தும் மனதில் நிற்கிறதென்றால், அவர்களாகப் பேசி அவர்களாக முடிவெடுத்ததால்தான்.

எய்ட்ஸும் அப்படியே. 1993-லிருந்து 'ட்வெண்டே நா வகாதி' என்று ஒரு ரேடியோ நாடகம், அதில் ம்க்வாஜு என்ற லாரி டிரைவர் ஊருக்கொரு பெண்ணோடு திரிந்து நோய் வாங்கிக்கொள்வான். நான் வந்தபோதும் மெண்டிங் ரூம் பெண்கள் அவனைச் சொந்தக்காரனைத் திட்டுவதுபோலத் திட்டுவார்கள். 2007 ஜூலையில் ஜனாதிபதி கிக்வேடே தன் மனைவியோடு எல்லார் முன்னாலும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். அதைப் பார்த்து எங்கள் மேனேஜரும் கிளினிக் வரிசையில் முதல் ஆளாக நின்றார், பின்னாலேயே ஷிஃப்ட் முழுக்க நின்றது. உங்கள் மில்லில் பரிசோதனை வைத்தால் நீங்கள் முதலில் கையை நீட்டுங்கள்.

இப்போது மனநலம். இதை எழுதத்தான் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. 2011-ல் எங்கள் குவார்ட்டர்ஸில் தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். ஏஜென்ட்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவன். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு குறைந்தது, வீட்டுக்குப் போன் பேசுவது நின்றது, 'அண்ணே, படுத்தா தலைக்குள்ள மெஷின் ஓடிக்கிட்டே இருக்கு' என்பான். கோயிலுக்குப் போ, சீட்டாட வா, எல்லாம் சரியாகிவிடும் என்றோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அவனைச் சரியாகக் கண்டுபிடித்தது அவனுடைய லைனில் இருந்த ஒரு உள்ளூர் அம்மா. என்னைக் கூப்பிட்டு 'அனா மவாசோ மெங்கி' என்றார். அவனுக்கு நிறைய நினைப்பு இருக்கிறது என்று பொருள். இங்கே மனச்சோர்வை ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள், மவாசோ. அந்த அம்மா தினமும் சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் போய் உட்காருவார், பாதி பாஷை புரியாது, ஆனாலும் உட்காருவார். ஒரு நாள் அவரிடம்தான் சாக நினைத்ததைச் சொல்லியிருக்கிறான். டார் எஸ் சலாமில் டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை, பிறகு ஊர். இப்போது பெரியகுளத்தில் கடை வைத்திருக்கிறான், பொங்கலுக்குப் பேசுவான்.

இந்த நாட்டுச் சட்டத்தில் தற்கொலை முயற்சி குற்றம். அதனால் ஜனங்கள் இன்னும் மறைப்பார்கள். டொடோமாவில் மிரெம்பே என்று பெரிய மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்தப் பேரைச் சொன்னாலே பைத்தியம் என்ற பட்டம் கட்டிவிடுவார்கள், நம் பக்கம் கீழ்ப்பாக்கம் என்று சொல்வதுபோல. ஆகவே 'மனநல முகாம்' என்று பேனர் கட்டாதீர்கள், ஒருவரும் வரமாட்டார்கள். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஹராரேயில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கிளினிக் வாசலில் மரபெஞ்சு போட்டு உட்காரவைத்தார். முதலில் மனநல பெஞ்சு என்று பேர் வைத்தபோது யாரும் உட்காரவில்லை. நட்பு பெஞ்சு என்று மாற்றியதும் வந்தார்கள். அவர்கள் பாஷையில் அந்த நோய்க்குப் பேர் 'குஃபுங்கிசிசா', அளவுக்கு மீறி நினைப்பது. இதுவும் மவாசோதான். பாட்டிகள் மாத்திரை கொடுப்பதில்லை. குறையை முழுக்கக் கேட்டு, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரையே யோசிக்கவைப்பார்கள். அதை முறையாக ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள், உண்மையாகவே பலன் இருந்தது. நாங்களும் மில்லில் மாமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறோம், இரண்டு வயதான அம்மாக்கள், அந்தப் பக்கம் சூப்பர்வைசர்கள் போகக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம். அவர்களில் ஒருவர் அந்தத் தேனிப் பையனைக் காப்பாற்றியவர்.

இன்னொன்று, இதை உங்கள் வீட்டம்மாவிடமும் சொல்லிவையுங்கள். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால், முதல் வார்த்தையாக 'ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள்' என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். எங்களோடு இருந்த ஒருவர் லீவில் போன இடத்தில் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை, டெங்கு பார்த்தார்கள், டைபாய்டு பார்த்தார்கள், நாலு நாள் போய்விட்டது. அவருடைய பெட்டியை நான்தான் கட்டி அனுப்பினேன்.

மழைக்கு முன்னால், பிப்ரவரியிலேயே வந்துவிடப் பாருங்கள். வலை ஊரிலிருந்து வேண்டாம், இங்கே வாங்கி வைக்கிறேன், கட்டில் அகலம் மட்டும் மில்லில் கேட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்து வீட்டு மாமாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து நேராக அவரிடம்தான் கூட்டிப்போவேன், அதற்குள் ஷிகமூ சொல்லப் பழகிவிடுங்கள்.