ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்திச் செஸ் தொடங்குவது புதியவர்களுக்குச் சரிவருமா?

சரிவரும். நானும் பல வருடமாக அப்படித்தான் தொடங்குகிறேன். ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் அது காவலில்லாமல் நிற்கும். ராணியின் சிப்பாய்க்கோ பின்னால் ராணியே காவல். ஆனால் "மெதுவான ஆட்டம், பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஜூன் மழை பிடித்தால் லேசில் விடாது. அப்படி ஒரு ஞாயிறு, லயத்து இஸ்தோப்பில் சித்தப்பாவோடு ஆட உட்கார்ந்தேன். அவருடைய செஸ் பெட்டியில் கறுப்புச் சிப்பாய் ஒன்று தொலைந்துபோய், பதிலுக்கு ஒரு பழைய ரேடியோ பற்றரி நிற்கும்.

எனக்கு வெள்ளை. டி4 வைத்தேன், அதாவது ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம் (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). அவர் டி5. சி4 வைத்தேன், அவர் பற்றரியை இ6-க்குத் தள்ளினார். என் குதிரை சி3, அவர் குதிரை எஃப்6. என் பிஷப் ஜி5-க்குப் போய் அந்தக் குதிரையைக் கட்டிப்போட்டது. அசைந்தால் பின்னால் ராணி. அவர் மற்றக் குதிரையை டி7-இல் வைத்தார். நான் டி5-இல் வெட்ட, பற்றரியால் திருப்பி வெட்டினார். அதற்குக் காவல் அந்தக் கட்டுண்ட குதிரை மட்டும்தானே? சும்மா கிடைக்கிறது என்று என் குதிரையால் பற்றரியைத் தூக்கினேன்.

"எடுத்துட்டியா?" என்றார். பிளேன்டியை ஒரு மிடறு குடித்தார். பிறகு கட்டுண்ட அதே குதிரையால் என் குதிரையை வெட்டினார். நான் துள்ளிக்கொண்டு ராணியை எடுத்தேன். அவருடைய பிஷப் பி4-க்கு வந்தது. செக். ராஜாவுக்கு ஓட இடமில்லை, குறுக்கே வைக்க ராணியை விட்டால் வேறு காயில்லை. அவளும் போனாள். வெட்டுக்குத்து முடிந்து எண்ணினால், ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு யானைப் பொறி என்று பெயராம். 1848-இல் பெர்லினில் மாயெட் என்பவர் ஹார்விட்ஸிடம் இதே குழியில் விழுந்திருக்கிறார். படித்தபோது கொஞ்சம் ஆறுதல்.

சி4 சிப்பாயை எதிராளி எடுத்தாலும் பதறாதீர்கள், இ3 வைத்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். டி5-இல் சிப்பாயால் வெட்டுவதிலும் பிழையில்லை, குதிரையை மட்டும் அங்கே இறக்காதீர்கள். அந்த இடம் வந்தால் இப்போது நான் இ3 தான். சித்தப்பா மட்டும் இன்னும் ஒவ்வொரு முறையும் பற்றரியை டி5-இல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்.