வரிசை எங்கே நிற்கிறது? நெட்வொர்க் தாமதம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): கேமிங் சென்டர் அண்ணே, 12 சிஸ்டம். டவுன்லோடு 100 எம்பி, அப்லோடு 20 எம்பி லைன். சும்மா இருக்கும்போது பிங் (பாக்கெட் போய்த் திரும்பி வர்ற நேரம்) 8 மில்லிசெகண்ட். ஒருத்தன் வீடியோ அப்லோடு போட்டா 600ஐ தொடுது. லைன்காரரைக் கேட்டா ஸ்பீடு சரியாத்தான் வருதுங்கறார்.

பதில்: அவர் சொல்வது பொய் இல்லை. வேகம் குறையவில்லை, வரிசைதான் நீண்டுவிட்டது. தகவல் பாக்கெட் என்னும் சிறு துண்டுகளாகப் போகிறது. 1500 பைட் பாக்கெட்டுகள் ஆயிரம், வரிசையில் நின்றால் மொத்தம் 12 மெகாபிட். 20 எம்பி லைனில் (அதாவது நொடிக்கு 20 மெகாபிட்) அது காலியாக 600 மில்லிசெகண்ட் ஆகும். லினக்ஸில் ஈதர்நெட் கார்டுக்கு வழக்கமாக இருக்கும் வரிசை நீளமும் அதே 1000தான்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஹார்பர் கேட்டுக்காக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கேட் திறக்கும் வேகம் நம் கையில் இல்லை. ஆனால் லாரிகளை ரோட்டில் விடாமல் நம் யார்டிலேயே நிறுத்தினால், எதை முதலில் அனுப்புவது என்பது நம் முடிவு. இப்போது உங்கள் வரிசை ஃபைபர் மோடத்துக்குள் நிற்கிறது. அதை ரவுட்டருக்குள் இழுக்க வேண்டும்.

ரவுட்டரில் ஓபன்-டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச லினக்ஸ்) போட்டு, வரிசையை நிர்வகிக்கும் எஸ்கியூஎம் தொகுப்பை நிறுவுங்கள். வெளி லைன் இருக்கும் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுங்கள். காலையிலும் ராத்திரியிலும் சில தடவை வேகம் அளந்து, வந்ததில் குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள். 20 வந்தால் அப்லோடு 18500, 100 வந்தால் டவுன்லோடு 88000 கிலோபிட். டவுன்லோடில் அதிகம் விட்டுக்கொடுப்பதற்குக் காரணம் உண்டு: அந்தப் பாக்கெட்டுகள் குறுகலைத் தாண்டி வந்த பிறகுதான் நம் கைக்கு வருகின்றன. கியூ (வரிசை) வகைக்கு 'கேக்' என்ற அல்காரிதம், ஓவர்ஹெட் (ஒவ்வொரு பாக்கெட்டோடும் கூடுதலாகப் போகும் பைட்) 44. கூடுதல் அமைப்பில் 'நாட்' (ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் இருக்கும் சிஸ்டங்களைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வது) சேர்த்து, ஆளுக்கு ஒரு பங்கு பிரிக்க அப்லோடுக்கு 'டூயல் சோர்ஸ் ஹோஸ்ட்', டவுன்லோடுக்கு 'டூயல் டெஸ்ட் ஹோஸ்ட்' கொடுங்கள். 'நாட்' இல்லாவிட்டால் கேக்கின் கண்ணுக்கு 12 சிஸ்டமும் ஒரே ஆளாகத் தெரியும். அப்புறம் டாரன்ட்டில் 50 கனெக்ஷன் திறந்தவனுக்கு 50 பங்கு போய்விடும்.

இவ்வளவு செய்தும் பிங் இறங்காவிட்டால் முதலில் ஹார்டுவேர் ஆஃப்லோடை (பாக்கெட்டை சிபியுவுக்கு விடாமல் சிப்பே கடத்திவிடும் வசதி) பாருங்கள். அது ஆனில் இருந்தால் பாக்கெட்டுகள் கியூவைத் தொடாமலே போய்விடும். மைக்ரோடிக் ரவுட்டரில் இதே வேலையைச் செய்வது ஃபாஸ்ட்-டிராக். அதுவும் சரி என்றால் ரவுட்டரின் சிபியு. ஒரு கோர் முழுதாக நிரம்பினால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் இந்த ஷேப்பரே புதிய நெரிசலாகிவிடும்.

கேள்வி (தண்டையார்பேட்டை, கேபிள் ஆபரேட்டர்): ஒரு பாக்கெட்கூட டிராப் ஆகக் கூடாதுன்னு லினக்ஸ் ரவுட்டர்ல ரிங் பஃபரை (கார்டுல பாக்கெட் காத்திருக்கிற இடம்) ரெண்டு பக்கமும் 4096 ஆக்கிட்டேன். தப்பா?

பதில்: வாங்கும் பக்கம் பெரிய தப்பில்லை, அனுப்பும் பக்கம் தப்பு. வாங்கும் ரிங்கை சிபியு காலி செய்கிறது. அது கொஞ்சம் அசந்தால் பாக்கெட் விழும். ஈத்டூலில் (கார்டைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் லினக்ஸ் கட்டளை) பெரிய எஸ் (-S) போட்டு, 'மிஸ்டு', 'நோ பஃபர்' எண்ணிக்கைகள் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் மட்டும் 256, 512, 1024 என்று படிப்படியாகக் கூட்டலாம்.

அனுப்பும் ரிங் வேறு கதை. அது லினக்ஸின் வரிசை அல்காரிதமான எஃப்கியூ-கோடலுக்குக் கீழே இருக்கிறது; அதற்குள் இறங்கிய பாக்கெட்டை எந்த அல்காரிதமும் வரிசை மாற்ற முடியாது. கிகாபிட்டில் 4096 முழு பாக்கெட் என்றால் 49 மில்லிசெகண்ட். லிங்க் 100க்கு இறங்கிவிட்டால் 490! இதற்காகவே 2012இல், லினக்ஸ் 3.3இல் பிகியூஎல் வந்தது. கார்டில் எத்தனை பைட் நிற்கலாம் என்பதை அதுவே கணித்துக்கொள்ளும். ஆனால் டிரைவர் ஒத்துழைக்க வேண்டும். லோடு ஓடும்போதும் பிகியூஎல்லின் 'இன்ஃப்ளைட்' கோப்பு 0 என்றே காட்டினால் டிரைவரில் அந்த வசதி இல்லை. அனுப்பும் ரிங்கை 256க்குக் குறையுங்கள், கிகாபிட்டில் 3 மில்லிசெகண்டில் அடங்கும். ஈத்டூலில் சின்ன ஜி (-g) ரிங் அளவைக் காட்டும், பெரிய ஜி (-G) மாற்றும். மாற்றும்போது பல கார்டுகளில் லிங்க் விழுந்து எழும். சாயங்கால நேரத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி (சவுகார்பேட்டை): ஷேர் டிரேடிங் பண்றோம். லேன் கார்டில் இன்டரப்ட் கோலெசிங்கை (பாக்கெட்டைச் சேர்த்து வச்சு சிபியுவை ஒரே தடவை கூப்பிடறது) 0 ஆக்கினா ஆர்டர் சீக்கிரம் போகுமா?

பதில்: போகாது. அதில் மிச்சமாவது சில பத்து மைக்ரோசெகண்ட். உங்கள் ஆர்டர் வெளி லைனில் மில்லிசெகண்ட் கணக்கில் பயணிக்கிறது. கிகாபிட்டில் சின்ன பாக்கெட்டுகள் நொடிக்கு 14.88 லட்சம் வரை வரலாம். 0 வைத்துவிட்டு அப்படி ஒரு வெள்ளம் வந்தால் சிபியு இன்டரப்ட்டுக்குப் பதில் சொல்லவே சரியாக இருக்கும்.

கேள்வி (திருவொற்றியூர்): எங்க கேட்வே சர்வர்ல 8 கோர் இருக்கு. ஒண்ணு மட்டும் 100 சதவீதம், மீதி சும்மா. கார்டில் 4 கியூ இருக்குன்னு ஈத்டூல் காட்டுது.

பதில்: லைன் பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) தானே? அப்படியானால் காரணம் அதுதான். வரும் பாக்கெட்டை எந்தக் கியூவில் போடுவது என்பதை கார்டு ஐபி முகவரியை வைத்து முடிவு செய்கிறது. பிபிபிஓஈ உறைக்குள் இருக்கும் ஐபியைப் பல கார்டுகளால் படிக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே கியூவில் தள்ளிவிடும். கார்டு பிரிக்காததைக் கெர்னல் பிரிக்கட்டும்: அந்தக் கியூவின் 'ஆர்பிஎஸ் சிபியூஸ்' கோப்பில் எஃப்எஃப் என்று எழுதினால் 8 கோருக்கும் வேலை பிரியும். பிறகு 'சாஃப்ட்நெட் ஸ்டாட்' கோப்பைப் பாருங்கள்: ஒவ்வொரு வரியும் ஒரு கோர், இரண்டாவது பத்தி விழுந்த பாக்கெட், மூன்றாவது பத்தி நேரம் போதாமல் பாதியில் விட்ட தடவைகள். எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும், பயப்படாதீர்கள்.

கேள்வி (வியாசர்பாடி): சிங்கப்பூர் கேம் சர்வருக்குப் பிங் 35. கியூ அமைச்சு 10 ஆக்கலாமா?

பதில்: முடியாது தம்பி. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிள் சுமார் 3200 கி.மீ. ஃபைபரில் ஒளிக்கு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் ஆகும். போய் வர 32 மில்லிசெகண்ட். மிச்சம் 3 தான்.

கேள்வி (ராயபுரம், அச்சகம்): சர்வர்லேர்ந்து அச்சுத் தகடு எடுக்கிற பழைய பிளேட் மெஷினுக்கு ஃபைல் போகும்போது ஆபீஸ் முழுக்க நிக்குது. கிகாபிட் சுவிட்ச்தான் சார்.

பதில்: பிளேட் மெஷின் 100இல் ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அதன் போர்ட் நிரம்பியதும் சுவிட்ச் சர்வருக்கு 'பாஸ்' ஃப்ரேம் ('கொஞ்சம் நிறுத்து' என்ற உத்தரவு) அனுப்பும். அந்த உத்தரவு பிளேட் மெஷினுக்கான பாக்கெட்டுக்கு மட்டும் அல்ல, சர்வர் அனுப்பும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். கணக்குப் பிரிவும் டிசைன் மேஜையும் அதனால்தான் சேர்ந்து நிற்கின்றன. சுவிட்சிலும் சர்வர் கார்டிலும் இந்த உத்தரவை அனுப்பும் ஃப்ளோ கன்ட்ரோலை அணையுங்கள். சில பாக்கெட் விழும், ஃபைலை அனுப்பும் டிசிபி நெறிமுறை தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

மெஷினில் கிகாபிட் கார்டு இருந்தும் 100 காட்டினால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். 100க்கு நாலு போதும். கடற்காற்றில் ஜாக்கின் பின் பச்சை பூத்திருக்கும். நுனியை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்து, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்த பிறகு சுவிட்ச் அமைப்புக்குள் போங்கள்.