கோடை முகாமில் களிமண் குதிரை வெடிப்பது ஏன்?

மூன்றாம் வருடமாக முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்கு அகல்விளக்கு சலித்துவிட்டது, குதிரை கேட்கிறார்கள், ஆனால் போன மே மாதம் செய்தவை காயும்போதே வெடித்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். குதிரையே செய்யட்டும். கோளாறு மண்ணிலும் காயவைத்த விதத்திலும்தான்.

வெறும் களிமண் காயும்போது நிறையச் சுருங்கும். குளத்துக் களிமண்ணை இரண்டு நாள் ஊறவைத்துச் சலித்து, நான்கு பங்குக்கு ஒரு பங்கு பொடிமணலும் கொஞ்சம் உமியும் சேர்த்து நன்றாக மிதிக்க வேண்டும். இந்த வேலையைப் பழைய பிள்ளைகளிடமே முழுதாக ஒப்படையுங்கள். திரும்பி வருகிறவர்களுக்குப் புதுப் பொருளைவிடப் புதுப் பொறுப்புதான் பிடிக்கும்.

ஐயனார் கோயில் குதிரை உள்ளே வெற்றுக் கூடுதான். அதைச் செய்யும் குயவர்களான வேளார்கள் கால்களை உருளையாக எழுப்பி, அவை சற்று இறுகிய பிறகே உடம்பை ஏற்றுவார்கள். ஓரடிக் குதிரைக்கும் அதே முறைதான். சுவர் ஒரு விரல் கனத்தைத் தாண்ட வேண்டாம். வயிற்றில் ஒரு துளை விடுங்கள். ஒட்டும் இரண்டு பக்கத்தையும் கீறி மண்குழம்பு தடவுங்கள். ஒன்று காய்ந்தும் மற்றது ஈரமாகவும் இருந்தால் ஒட்டு பிளந்துவிடும்.

அக்னி நட்சத்திர வெயிலிலோ மின்விசிறிக் காற்றிலோ வைக்கவே கூடாது. முதல் மூன்று நாள் ஈரத்துணி மூடி, பிறகு ஒரு வாரமாவது நிழலில். காதும் வாலும் முந்திக் காயும், அங்கே துணியைக் கூடுதலாகச் சுற்றுங்கள். முகாம் இரண்டு வாரம்தான் என்றால் குதிரையை முதல் நான்கு நாளிலேயே முடித்துவிட வேண்டும். கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சில்லென்றிருந்தால் சூளைக்கு அனுப்பாதீர்கள், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.